முதல் ஆட்டமே தோல்வி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி 2019 ஆம் ஆண்டு என்.பி.ஏ. எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் போட்டியின் கிண்ணத்தை வென்ற கதையை எழுதியபோது, அந்தப் பயணம் சொந்த மைதானத்தில் ஒரு தோல்வியுடன் தொடங்கியது என்று ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இம்முறை அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. உதைபந்தாட்டத்துக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் உள்ள இடம் வன்னியில் கூடைப்பந்தாட்டத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் கனடாவில் அண்ணனோ மாமியோ மச்சானோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம் என்பதால், ரொறன்ரோ தோற்ற செய்தி விடியமுன்னரே தொலைபேசி வழியாக மாங்குளத்துக்கும் மல்லாவிக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் இந்த ஒரே விடயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணா, கிண்ணம் வென்ற நாளைவிட அந்த முதல் ஆட்டத்தில் தோற்ற நாள்தான் தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்கிறார். வென்ற பிறகும் ஒரு தோல்வி ஏன் இப்படி மனத்தில் தங்க வேண்டும்? அன்று என்னதான் நடந்தது?
– வாசகர், மாங்குளம்

பதில்: உங்கள் அண்ணா சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். அந்தத் தோல்வியின் கனத்தை அறிய வேண்டுமானால், அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014 இல் புரூக்ளினிடம், 2015 இல் வோஷிங்ரனிடம், 2016 இல் இந்தியானாவிடம், 2017 இல் மில்வோக்கியிடம் என்று, நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக, பிளே ஓஃப் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் சுற்றுகள்; ஒவ்வொன்றும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்குரிய ஏழு ஆட்டத் தொடர்) முதற்சுற்றின் முதல் ஆட்டத்தை ராப்டர்ஸ் அணி தன் சொந்த ரசிகர்களின் முன்னிலையிலேயே தோற்றிருந்தது. 2018 இல் 59 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்று, முதற்சுற்றையும் கடந்து வந்தபோது, கிளீவ்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தை மேலதிக நேரத்தில் 113–112 என்று ஒரே ஒரு புள்ளியால் இழந்து, அதன் பின் தொடரையே 4–0 என்று பறிகொடுத்தது. பயிற்றுவிப்பாளர் டுவேன் கேசி நீக்கப்பட்டார். ரசிகர்கள் உயிராக நேசித்த டிமார் டிரோசன் வேறு அணிக்கு அனுப்பப்பட்டு, அவருக்குப் பதிலாகக் காவாய் லெனர்ட் அழைத்து வரப்பட்டார். இவ்வளவு பெரிய விலை கொடுத்து மாற்றியமைத்த அணி, 58 வெற்றிகளுடன் வந்து, 42 வெற்றிகளை மட்டுமே பெற்றிருந்த ஒர்லாண்டோ மஜிக் அணியிடம் மறுபடியும் முதல் ஆட்டத்திலேயே 104–101 என்று தோற்றபோது, அது ஓர் ஆட்டத்தின் தோல்வியாக யாருக்கும் தெரியவில்லை. இனி இந்த அணிக்கு விமோசனமே இல்லை என்ற பழைய பயம் ஒரே இரவில் திரும்பி வந்தது.

கடைசிக் கணங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 101–101 என்று புள்ளிகள் சமநிலையில் இருக்கின்றன. ஒர்லாண்டோவின் டி.ஜே. ஒகஸ்டின் பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வருகிறார். அவருடைய சக வீரர் ஒருவர் காவல்காரரின் வழியை மறித்து நிற்கிறார். இத்தகைய வேளையில் தடுக்கும் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வதா, அவரவர் ஆளுடனேயே நிற்பதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரே மனதாகத் தீர்மானிக்க வேண்டும். ரொறன்ரோவின் லெனர்ட்டும் மார்க் கசோலும் அதைத் தீர்மானிக்கவில்லை. ஒருவர் செய்வார் என்று மற்றவர் நினைத்தார். ஒகஸ்டினுக்கு முன்னால் யாரும் இல்லை. அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தார். பந்து விழுந்தபோது மீதியிருந்தது 3.4 வினாடிகள். ஒரு காலத்தில் ரொறன்ரோவுக்காகவே விளையாடிய ஒருவர் அதைச் செய்தது ரசிகர்களுக்கு இன்னும் கசந்தது.

அன்றைய புள்ளிப்பட்டியலில் எல்லாரும் சுட்டிக்காட்டியது இன்னொரு வரியை. அணியின் மூத்த வீரர் கைல் லௌரி ஏழு தடவை எறிந்து ஒன்றைக்கூடக் கூடைக்குள் போடவில்லை. புள்ளிகள்: 0.

நம் ஊரில் அந்த ஆட்டம் தொடங்கியபோது அதிகாலை 2.30, அன்று ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. கிளிநொச்சியில் என் மருமகன் கைத்தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து ஆட்டம் முழுவதையும் பார்த்தான். முடிந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தான். பொழுது விடிந்து, மருத்துநீர் வைக்க என் அக்கா கூப்பிட்டபோதும் அவன் எழும்பவில்லை. புத்தாண்டு நாளில் பிள்ளை இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கலாமா என்று அவர் கவலைப்பட்டார். நானும் அவனைத் தேற்றுவதற்கு ஏதும் தெரியாமல் பக்கத்தில் இருந்தேன்.

இரண்டாவது ஆட்டத்தில் ரொறன்ரோ 111–82 என்று வென்றது. லெனர்ட் 37 புள்ளிகளும் லௌரி 22 புள்ளிகளும் எடுத்தனர். அதன் பின் ஒர்லாண்டோ அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. நான்காவது ஆட்டம் நடந்த ஏப்ரல் 21, இங்கே உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்கள் நடந்த நாள். அன்றிரவு ஊரடங்கு, சமூக ஊடகங்களும் முடக்கப்பட்டிருந்தன. ஆட்டத்தின் முடிவு என்னவென்று கேட்கும் மனநிலையில் நாங்கள் யாரும் இருக்கவில்லை. அதைப் பல நாட்களின் பின்னரே அறிந்தோம்.

ஜூன் 13 ஆம் திகதி கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ் அணிக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் தொடங்கியபோது, ரொறன்ரோவின் முதல் 11 புள்ளிகளையும் எடுத்தவர், அன்று பூச்சியம் எடுத்த அதே லௌரிதான். உங்கள் அண்ணாவிடம் இந்த இரண்டு நாட்களையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் ஆட்டத்தை வெல்லும் அணியே பெரும்பாலும் தொடரையும் வெல்கிறது என்று புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். அப்படியானால் முதல் ஆட்டம் தோற்றவுடன் ரசிகர்கள் மனமுடைவது நியாயமானதுதானே?
– கணித ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: புள்ளிவிவரம் உண்மைதான். ஏழு ஆட்டத் தொடர்களில் முதல் ஆட்டத்தை வென்ற அணிகள் ஏறத்தாழ நான்கில் மூன்று தடவை தொடரையும் வென்றிருக்கின்றன. ஆனால் அந்த எண்ணை அப்படியே தோல்வியின் விளைவாக வாசிப்பது தவறு. வலிமையான அணிக்கே முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில் கிடைக்கிறது. வலிமையான அணியே முதல் ஆட்டத்தை வெல்லவும் கூடுதல் வாய்ப்புண்டு. அதே அணி தொடரை வெல்வதில் வியப்பும் இல்லை. முதல் வெற்றி தொடர் வெற்றியைத் தந்தது என்பதிலும் பார்க்க, இரண்டையும் தந்தது அணியின் பலம் என்பதே சரி.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் கரும்பலகையில் போடக்கூடிய கணக்கொன்றைத் தருகிறேன். இரு அணிகளும் சரிசமம் என்று வையுங்கள். முதல் ஆட்டத்தைத் தோற்ற அணி மீதி ஆறில் நான்கை வெல்ல வேண்டும். ஆறு ஆட்டங்களின் முடிவுகளும் அமையக்கூடிய வழிகள் 64. அவற்றுள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றிகள் வரும் வழிகள் 15, 6, 1 என்று மொத்தம் 22. ஆகவே தோற்ற அணிக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு. இனி, ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்வதற்கு 60 வீத வாய்ப்புள்ள, சற்றே மேலான அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர் தொடங்குமுன் அதன் வெற்றி வாய்ப்பு 71 வீதம். முதல் ஆட்டம் தோற்ற பின் 54 வீதம். வாய்ப்புக் குறைந்தது உண்மை. ஆனால் தோற்று நிற்கும் அந்த அணியே இன்னமும் முன்னிலையில் நிற்கிறது! மாணவர்களிடம் இதைக் கேள்வியாகக் கொடுத்துப் பாருங்கள். நிகழ்தகவைப் பாடப்புத்தகத்தின் நாணயத்தையும் தாயக்கட்டையையும் விட ஆவலோடு செய்வார்கள்.

அச்சப்பட வேண்டிய இடம் வேறு. முதலிரண்டு ஆட்டங்களையும் தோற்ற அணிகள் மீள்வது அரிது. முதல் மூன்றையும் தோற்ற பின் என்.பி.ஏ. தொடர் ஒன்றை வென்ற அணி 2025 வரை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் முதல் ஆட்டத்தைவிட இரண்டாவது ஆட்டத்துக்கு முந்திய இரண்டு நாட்களையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த இரண்டு நாட்களில் பயிற்றுவிப்பாளர் எதைக் கண்டுபிடிக்கிறார் என்பதில்தான் தொடர் தங்கியிருக்கிறது. 2019 கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் மில்வோக்கியிடம் முதலிரு ஆட்டங்களையும் தோற்ற பின், ரொறன்ரோவின் பயிற்றுவிப்பாளர் நிக் நர்ஸ், எதிரணியின் மலை போன்ற யானிஸ் அன்டெட்டோகும்போவைத் தடுக்கும் பொறுப்பைத் தன் சிறந்த வீரரான லெனர்ட்டிடமே கொடுத்தார். மூன்றாவது ஆட்டத்தை இரண்டு மேலதிக நேரங்கள் சென்று 118–112 என்று வென்ற அணி, அடுத்த மூன்றையும் வென்றது.

கேள்வி: எங்கள் பாடசாலை அணி இவ்வருடச் சுற்றுப்போட்டியின் முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியால் தோற்றது. கடைசி நிமிடத்தில் எனக்குக் கிடைத்த இரண்டு பிரீ த்ரோக்களையும் (எதிரணியின் தவறுக்காகக் கோட்டில் நின்று தடையின்றி எறியும், ஒரு புள்ளி பெறுமதியான எறிதல்கள்) நான் தவறவிட்டேன். வட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டு, கைக்கு என்ன நடந்தது, கண் தெரியாதா என்றெல்லாம் எழுதினார்கள். அதில் பழைய மாணவர்களும் இருந்தார்கள். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் மூன்று கிழமையாகப் பயிற்சிக்குப் போகவில்லை. நான் விலகுவதுதான் அணிக்கு நல்லதா?
– மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: மகளே, உமது கடிதத்தை நான் பல தடவை வாசித்தேன். நீர் விலகக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றை எழுத விரும்புகிறேன்.

1995 ஆம் ஆண்டு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், இதே ஒர்லாண்டோ அணி ஹியூஸ்டன் ரொக்கட்ஸ் அணியை எதிர்த்துத் தன் மைதானத்தில் விளையாடியது. 10.5 வினாடிகள் மீதியிருக்க, 110–107 என்று முன்னிலையில் இருந்த நேரத்தில், நிக் அன்டர்சன் என்ற வீரருக்கு இரண்டு பிரீ த்ரோக்கள் கிடைத்தன. ஒன்று விழுந்திருந்தாலே வெற்றி ஏறக்குறைய உறுதி. இரண்டும் தவறின. திரும்பி வந்த பந்தை அவரே பாய்ந்து பிடித்தார், மறுபடியும் இரண்டு கிடைத்தன, அவையும் தவறின. ஹியூஸ்டன் மூன்று புள்ளி எறிதல் ஒன்றால் சமன் செய்து, மேலதிக நேரத்தில் 120–118 என்று வென்று, தொடரையும் 4–0 என்று முடித்தது. அன்று தொட்டு அந்தத் தோல்விக்கு ஒரே பெயர்தான் சொல்லப்பட்டது. ஆனால் அதே ஆட்டத்தில் ஒர்லாண்டோ அணி 20 புள்ளிகள் முன்னிலையில் இருந்து, அந்த 20 ஐயும் எல்லாருமாகச் சேர்ந்து இழந்திருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே. அந்தப் பழியின் பாரம் அன்டர்சனின் கைகளிலேயே இறங்கியது; இரண்டு பருவங்களின் பின் அவருடைய பிரீ த்ரோ வெற்றி 40 வீதமளவுக்கு விழுந்தது. பழி சொல்வதால் ஒருவருடைய எறிதல் திருந்தியதாக நான் எங்கும் கண்டதில்லை. அது கெட்டுப்போனதற்கு இந்த மனிதரே சான்று.

உமது ஆட்டம் நாற்பது நிமிடங்கள் கொண்டது. ஒரு புள்ளியால் தோற்ற அணியில் அந்த ஒரு புள்ளியை விட்டவர்கள் பலர் இருப்பார்கள். முதற்பாதியில் கூடைக்குக் கீழே தவறிய பந்து, தடுக்காமல் விட்ட ஓட்டம், கையில் பிடிக்காமல் கோட்டுக்கு வெளியே போன பந்து எல்லாமே ஒரு புள்ளிதான். அவை நடந்த நேரத்தில் மைதானம் அமைதியாக இருக்கவில்லை என்பதால் யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை. பிரீ த்ரோவின் போதோ எல்லாரும் ஆடாமல் அசையாமல் நிற்க, ஒருவர் மட்டும் தனியே எறிகிறார். அதனால் பிழையும் அவருக்கு மட்டும் உரியதுபோலத் தோன்றிவிடுகிறது. உலகின் மிகச் சிறந்த வீரர்கள் விளையாடும் என்.பி.ஏ. இலும்கூட, நான்கு அல்லது ஐந்து எறிதலுக்கு ஒன்று தவறுகிறது.

உம்மைக் குழுவில் ஏசியவர்களுக்கும், குறிப்பாகப் பழைய மாணவர்களுக்கும், இந்தப் பக்கத்தின் வழியாக ஒன்று சொல்ல வேண்டும். தோல்வி உங்களுக்கு வலித்தது என்பதை நான் மறுக்கவில்லை. வலிக்காதவர்கள் ஆட்டம் பார்க்கவே வரமாட்டார்கள். ஆனால் உங்களுக்கு வந்த வலியைப் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றின் தலையில் இறக்கி வைப்பது ஆதரவு ஆகாது. அணி ஏன் தோற்றது என்று உண்மையாகவே அறிய விரும்பினால், அடுத்த பயிற்சிக்கு நேரில் வாருங்கள். இரண்டு பந்தும் கொண்டு வாருங்கள்.

இனி, மகளே, எறிதலைப் பற்றிப் பேசுவோம். நீர் பயிற்சி செய்யும் வளையத்தின் உயரத்தை யாராவது அளந்தார்களா? சில ஆண்டுகளுக்கு முன் வன்னியில் ஒரு பாடசாலைக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். அங்கே பிள்ளைகள் பயிற்சியில் மிக நன்றாக எறிந்தார்கள். வெளியூர் மைதானத்துக்குப் போனால் ஒவ்வொரு பந்தும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. பயம்தான் காரணம் என்று நானும் மற்றவர்களும் எண்ணினோம். ஒரு நாள் மேசன் ஒருவரின் நாடாவை வாங்கி அளந்தால், 3.05 மீற்றர் இருக்க வேண்டிய வளையம் 2.93 மீற்றரில் இருந்தது. மாரி மழையில் நிலம் இளகிக் கம்பம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு சென்ரிமீற்றர் குறைந்த வளையத்துக்குப் பழகிய கை, சரியான வளையத்துக்கு எறியும்போது குறைவாகத்தான் எறியும். அந்தப் பிள்ளைகளிடம் நான் பல மாதங்களாகத் தைரியம் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்ததை நினைக்க இன்றும் மனம் வருந்துகிறது. உமது மைதானத்தில் வளையத்தின் உயரத்தையும், பலகையிலிருந்து கோட்டுக்கு 4.6 மீற்றர் இருக்கிறதா என்பதையும் அளக்குமாறு ரீச்சரிடம் கேளும்.

அளவு சரியென்றால், எறியும் முறையைப் பாரும். நூறு எறிதலை ஒரே மூச்சில் எறிந்து பழகுவதில் பயன் குறைவு. ஆட்டத்தில் உமக்கு ஒருபோதும் நூறு கிடைக்காது, ஓடிக் களைத்து மூச்சு வாங்கும்போது இரண்டுதான் கிடைக்கும். ஆகவே மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து இரண்டு எறியும், மீண்டும் ஓடும், மீண்டும் இரண்டு. ஒவ்வொரு தடவையும் கால் வைக்கும் இடம், பந்தைத் தட்டும் எண்ணிக்கை, மூச்சை விடும் நேரம் என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். மத்தியஸ்தர் பந்தைக் கையில் தந்த பின் உமக்கு ஐந்து வினாடிகள் உண்டு. பழகிய கைக்கு அது போதுமான நேரம். வளையத்தின் விட்டம் 45 சென்ரிமீற்றர். உமது பந்தின் விட்டம் ஏறத்தாழ 23. அதற்குள் இரண்டு பந்துகள் ஏறத்தாழப் பக்கம் பக்கமாகப் போகும் என்பதைக் கோட்டில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை பயிற்சிக்குப் போய்விட்டு எனக்கு மறுபடி எழுதும்.

கேள்வி: தோல்விக்கு மத்தியஸ்தர்களே காரணம் என்று எங்கள் நண்பர்கள் எப்போதும் வாதிடுகிறார்கள். இதில் உண்மை இருக்கிறதா?
– வாசகர், வவுனியா

பதில்: சில வேளைகளில் இருக்கிறது. மிக நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் வழங்கிய தீர்ப்புகளையும் வழங்காமல் விட்ட தீர்ப்புகளையும் மறுநாள் ஒவ்வொன்றாக மதிப்பிட்டு, பிழையைப் பிழையென்றே ஒப்புக்கொண்டு வெளியிடும் வழக்கத்தை என்.பி.ஏ. 2015 இல் தொடங்கியது. ஆனால் அந்த அறிக்கைக்குப் பிறகும் ஆட்டத்தின் முடிவு மாறுவதில்லை. மத்தியஸ்தரின் ஒரு பிழையால் தோற்கக்கூடிய நிலைக்கு அணி எப்படி வந்தது என்பதையே நண்பர்களுடன் பேசிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் விளையாட்டுக்கழகம் ஆண்டுதோறும் எட்டு அணிகளை அழைத்து விலகல் முறையில் சுற்றுப்போட்டி நடத்துகிறது. தூர இடத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கும் பிள்ளைகள் முதல் ஆட்டத்தில் தோற்றவுடன் திரும்பிப் போவதைப் பார்க்க எங்களுக்கே கவலையாக இருக்கிறது. வேறு வழி உண்டா?
– விளையாட்டுக்கழகச் செயலாளர், மல்லாவி

பதில்: உண்டு, இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் ரசிகர்களின் ஆத்திரத்துக்கும் இந்த விலகல் முறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். ஏழு ஆட்டத் தொடரில் முதல் தோல்வி ஓர் எச்சரிக்கை. அதன் பின் திருத்துவதற்கு நாட்கள் உண்டு. 2019 இல் ரொறன்ரோ கிண்ணத்தைத் தூக்குமுன் 16 ஆட்டங்களை வென்றது போலவே 8 ஆட்டங்களைத் தோற்றும் இருந்தது. விலகல் முறையிலோ அந்த அணி சித்திரைப் புத்தாண்டன்றே வீடு போயிருக்கும். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் முறையில் விளையாடியும் பார்த்தும் பழகியவர்களுக்கு, ஒரு பிழையை மன்னிக்க அவகாசமே கிடைப்பதில்லை.

எட்டு அணிகளுக்கு விலகல் முறையில் 7 ஆட்டங்கள் போதும். அணிகளை நான்கு நான்காக இரு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் விளையாடினால் 12 ஆட்டங்கள். அரையிறுதி இரண்டும் இறுதி ஒன்றும் சேர 15. ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி. ஆட்டங்கள் இரு மடங்குக்குச் சற்று மேலாவதால் செலவும் நேரமும் கூடும். ஆகவே குழு ஆட்டங்களை மட்டும் பத்து நிமிடக் கால்பகுதிகளுக்குப் பதிலாக ஆறு நிமிடக் கால்பகுதிகளாக வைத்து, இரண்டு வார இறுதிகளில் காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னரும் நடத்தலாம். அதற்கும் வசதி இல்லையென்றால், முதற்சுற்றில் தோற்ற நான்கு அணிகளுக்கும் தனியாக இன்னொரு கேடயத்தை வைத்து, மேலதிகமாக மூன்றே ஆட்டங்களை நடத்துங்கள். மொத்தம் 10 ஆட்டங்கள்தான். ஆனால் எந்த அணியும் ஒரே ஆட்டத்துடன் பெட்டியில் ஏறாது.

கேள்வி: என் மகன் பிளே ஓஃப் காலத்தில் அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து ஆட்டம் பார்க்கிறான். அவனுடைய அணி தோற்றால் அன்று சாப்பாடும் இல்லை, பாடசாலையும் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளையை எப்படித் திருத்துவது?
– ஒரு தாய், முல்லைத்தீவு

பதில்: அம்மா, ரொறன்ரோவில் மாலை ஏழு மணி என்றால் அந்தப் பருவத்தில் நமக்கு மறுநாள் காலை 4.30. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எழும்ப வேண்டிய நேரமும் அதுதான் என்பதால், ஒரு காலை ஆட்டத்துக்கும் மற்றக் காலைகள் பாடத்துக்கும் என்று அவனுடன் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அடியோடு தடை போடாதீர்கள். தோற்ற நாளில், விளையாட்டுத்தானே என்று சொல்ல வேண்டாம். அது அவனுக்கு இன்னும் வலிக்கும். எப்படித் தோற்றார்கள் என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான். கடைசி நிமிடத்தில் யார் எங்கே நின்றார் என்று சுளகில் புளியங்கொட்டை வைத்துக்கூடக் காட்டுவான். அப்படிக் காட்டி முடிக்கும்போது அவனுக்குப் பசிக்கும்.

கேள்வி: சில புள்ளிகளால் அல்லாமல், மிகக் கேவலமாக முதல் ஆட்டத்தைத் தோற்று, அதன் பின் கிண்ணம் வென்ற அணி உண்டா?
– வாசகர், பூநகரி

பதில்: உண்டு. 1985 மே 27 ஆம் திகதி, இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், லொஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி பொஸ்டனில் செல்ரிக்ஸ் அணியிடம் 148–114 என்று 34 புள்ளிகளால் தோற்றது. அதற்கு முன் இறுதித் தொடரில் எட்டுத் தடவை சந்தித்து எட்டுத் தடவையும் பொஸ்டனிடம் தோற்றிருந்த அணி அது. லேக்கர்ஸின் நடுநாயகமான கரீம் அப்துல் ஜபாருக்கு அப்போது 38 வயது. அன்று அவர் எடுத்தது 12 புள்ளிகள். பிடித்த ரீபவுண்ட், அதாவது கூடைக்குள் விழாமல் திரும்பிய பந்து, வெறும் மூன்று. வயது போய்விட்டது, இனி இவரால் முடியாது என்று எழுதாத பத்திரிகை இல்லை.

அடுத்த ஆட்டத்துக்கு இடையில் இருந்தவை இரண்டு முழு நாட்கள். பயிற்றுவிப்பாளர் பட் ரைலி அந்தத் தோல்வியின் ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது, வழக்கமாகப் பின்னால் இருக்கும் கரீம் முன்வரிசைக்கு வந்து அமர்ந்தார். தன்னுடைய ஒவ்வொரு பிழையும் திரையில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டதை மறுப்பேதும் சொல்லாமல் பார்த்தார். பயிற்சியில் இளையவர்களுக்குச் சமமாக ஓடினார். இரண்டாவது ஆட்டத்துக்குப் புறப்படும்போது, அணியின் பேருந்தில் தன் தந்தையையும் ஏற்றிச் செல்ல அனுமதி கேட்டார். வீரர்களைத் தவிர வேறு யாரையும் ஏற்றாத ரைலி அதற்கு இணங்கினார்.

அன்று கரீம் 30 புள்ளிகள் எடுத்து, 17 ரீபவுண்ட்களைப் பிடித்தார். லேக்கர்ஸ் 109–102 என்று வென்றது. ஜூன் 9 ஆம் திகதி, அதே பொஸ்டன் மைதானத்தில், ஆறாவது ஆட்டத்தை 111–100 என்று வென்று கிண்ணத்தையும் எடுத்தது. தொடரின் சிறந்த வீரர் விருது கரீமுக்கே கிடைத்தது.